அண்ணன் பெரியவனாகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மண்டபம் என்கிற ஊர்ப் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் வருகிறார்கள். பாடம் முடிந்து பையைத் தோளில் மாட்டும் நேரத்தில்தான் வேறு கேள்வி வரும். கூட்டிப்போக வருகிற அம்மாக்கள் வாசலில் நின்று கேட்பார்கள். பழைய மாணவர்கள் தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், மூக்கையூர் என்று இருக்கிற இடத்திலிருந்து போனில் கேட்பார்கள். வீட்டில் மூத்த பையன் வளர்கிறான், அவனுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நடுவில் ஏதோ மாறிப்போகிறது, அது என்ன என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே போட்டிருக்கிறேன். பெயர்கள் இல்லை.

என் கருத்து ஒன்று எல்லாப் பதிலிலும் தலைகாட்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனை அண்ணனாக இருக்க விடுங்கள். அவன் தலையில் அப்பா வேலையைத் தூக்கி வைப்பதால்தான் நம் கடற்கரையில் நிறைய வீடுகளில் கூடப்பிறந்த உறவு கெடுகிறது.

எங்க அண்ணன் முன்ன மாதிரி எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறான் டீச்சர். என் மேல கோவமா?

கோபம் இல்லை. உன் அண்ணனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். பையன்களுக்கு உடம்பு மாறத் தொடங்குவது 9 முதல் 14 வயதுக்குள். உயரம் கூடும், மீசை அரும்பும், குரல் உடையும். ஒரு வாக்கியம் பேசத் தொடங்கினால் பாதியில் கீச்சென்று போய்விடும். அதற்கு வீட்டில் யாராவது ஒரு தடவை சிரித்திருந்தால் போதும், அப்புறம் 'ம்', 'இல்ல', 'தெரியாது' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வான்.

இன்னொன்று, அவனுக்கு இப்போது கூட்டாளிகள் முக்கியம். போன வருஷம் வரை உன்னோடு சேர்ந்து கரையில் நண்டு வளை தோண்டினவன், இன்று அவர்கள் முன்னால் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான். சின்னப்பிள்ளையாகத் தெரிந்துவிடுவோமோ என்கிற கூச்சம் அது. அவன் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போ. 'ஏன் பேச மாட்டேங்கிற' என்று கேட்காதே. சைக்கிள் செயின் கழன்றுவிட்டது, மாட்டித் தா என்று கேள். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும்.

இது எப்ப ஆரம்பிக்கும், எப்ப சரியாகும்?

உடம்பு மாறுவது நாலைந்து வருஷத்தில் முடிந்துவிடும். யோசித்து, நிதானித்து, பின்விளைவைப் பார்த்து நடக்க வைக்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. ஆகவே பதினேழு வயதில் ஆறடி உயரம் நிற்கிறானே, இன்னுமா புத்தி வரவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை. உடம்பு முந்திக்கொள்கிறது, புத்தி நடந்து வந்து சேர்கிறது.

உறவைப் பற்றிச் சொல்வதானால், டுவேன் பர்மெஸ்டர், வின்டல் ஃபர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் 3, 6, 9, 12-ஆம் வகுப்பு மாணவர்களிடம் அவர்களுடைய உடன்பிறப்புகளைப் பற்றிக் கேட்டு 1990-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்படுவது. வயது ஏற ஏற மூத்தவர் ஆளுகிறவர், இளையவர் ஆளப்படுகிறவர் என்ற நிலை மாறிச் சமநிலை வருகிறது, நெருக்கத்தின் சூடும் கொஞ்சம் தணிகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஊர் வேறு, குடும்ப அமைப்பு வேறு. ஆனாலும் என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் பார்ப்பதும் இதே போக்குதான். சூடு தணிவதைப் பாசம் போய்விட்டது என்று நினைத்து அழுகிற தங்கைகள் நிறைய. தணிந்த பிறகு வருகிற உறவு பல வீடுகளில் முன்னதைவிட நன்றாக இருக்கிறது.

ரெண்டு பயலும் எந்நேரமும் அடிதடி. விடவா, விலக்கவா?

ஒரு செல்போன், ஒரு சைக்கிள், ஒரு மின்விசிறி இருக்கிற வீட்டில் இரண்டு பையன்கள் சண்டை போடாமல் இருந்தால்தான் அதிசயம். சண்டையில் பேரம் பேசப் பழகுகிறார்கள், தோற்கவும் பழகுகிறார்கள். எப்போதும் ஒருவனே அடிக்கிறான், ஒருவனே வாங்குகிறான் என்றால், அல்லது சின்னவன் அவன் வரும் சத்தம் கேட்டதும் எழுந்து போகிறான் என்றால், அது சண்டை இல்லை. அன்றைக்கே உள்ளே போய் நிறுத்துங்கள். 'அண்ணன்னா அப்படித்தான்டா, விட்டுக்கொடு' என்று சின்னவனிடம் சொல்வதை முதலில் விடுங்கள்.

கடலுக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து ஆளே மாறிட்டான். சம்மாட்டி (படகு முதலாளி) கணக்கா எல்லாரையும் அதட்டுறான். என்ன செய்ய?

இந்தக் கேள்வி அம்மாக்களிடமிருந்தும் வருகிறது, தங்கைகளிடமிருந்தும் வருகிறது. இரண்டு பேருக்கும் நான் கேட்கிற எதிர்க்கேள்வி ஒன்றுதான்: அவன் முதல் பங்குப் பணத்தைக் கொண்டுவந்த அன்றைக்கு வீட்டில் என்ன மாறியது?

ஒரு வீட்டில் நானே பார்த்தேன். அதுவரை நாலு பிள்ளைகளும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பையன் வேலைக்குப் போன மாதமே அவனுக்கு மட்டும் தனித் தட்டு, முதல் சோறு, குழம்பில் மீனின் நடுத்துண்டு. தண்ணீர்ச் செம்பைத் தங்கச்சி கொண்டுவந்து வைக்க வேண்டும், சாப்பிட்ட தட்டை அவளே எடுக்க வேண்டும். அவன் இதையெல்லாம் கேட்கவில்லை. அம்மா சந்தோஷத்தில் செய்தார். உடம்பு நோக வேலை செய்து வருகிறான், நல்ல துண்டு அவனுக்குப் போகட்டும் என்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தட்டை எடுக்கும் வேலை தங்கச்சிக்கு வந்த அன்றே அவள் வேலைக்காரி ஆனாள், அவன் முதலாளி ஆனான். அதட்டல் அப்புறம் வந்தது.

ஆகவே அதட்டலை நிறுத்த அவனிடம் மல்லுக்கட்ட வேண்டாம். தட்டை அவன் எடுக்கட்டும். அவன் தரும் பணத்துக்கு நன்றி சொல்லுங்கள், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்லுங்கள். மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற வேலை, தங்கச்சி டூர் போகலாமா என்று தீர்மானிக்கிற வேலை இதெல்லாம் பெற்றவர்களிடமே இருக்கட்டும். சம்பாதிப்பது வேறு, வீட்டை ஆள்வது வேறு என்று அவனுக்குப் புரிய வைக்கப் பதினெட்டு, இருபது வயதுதான் சரியான நேரம். முப்பதில் சொன்னால் ஏறாது.

தடைக்காலம் வந்தா வீட்ல சண்டை கூடுது. ரெண்டு மாசம் எப்படி ஓட்டுறது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அதே நேரம்தான் பள்ளிக்கூட விடுமுறையும். வருமானம் இல்லாத அண்ணன், வேலை இல்லாத தம்பி, அக்கினி வெயில், சின்ன வீடு. சண்டை வராமல் என்ன செய்யும்?

நான் சொல்வது, வலை பொத்தும் வேலையில் தம்பியை அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கூலிக்காக வேண்டாம், பழகுவதற்காக. கிழிந்த ஓரத்தைக் கத்தியால் வெட்டிச் சுத்தம் செய்து, ஊசியில் நூல் சுற்றி, ஒவ்வொரு கண்ணாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். இடது கைப் பெருவிரல் முடிச்சை அழுத்திப் பிடித்திருக்கும்போதே வலது கை ஊசியை வளையத்துக்குள் விட்டு இழுத்து இறுக்க வேண்டும். விரல் ஒரு நொடி தளர்ந்தால் முடிச்சு நழுவி அந்தக் கண் மட்டும் பெரிதாகிவிடும். இதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. அண்ணன் தன் விரலைத் தம்பி விரல் மேல் வைத்து அழுத்திக் காட்டித்தான் ஆக வேண்டும். இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பையன்கள் இப்படி ஒரு மத்தியானம் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு கெடும் என்று பயப்பட வேண்டாம். விடுமுறைதானே. தம்பி படகுக்குத்தான் போக வேண்டும் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை.

நான் வயசுக்கு வந்ததுலேர்ந்து அண்ணன் தள்ளித் தள்ளிப் போறான். நான் என்ன தப்பு பண்ணேன்?

நீ ஒரு தப்பும் பண்ணவில்லை, அவனும் பண்ணவில்லை. சடங்கு நடந்த வாரம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அவனைத் தனியாகக் கூப்பிட்டு 'இனிமே அவ பெரிய பொண்ணு, முன்ன மாதிரி அடிச்சுப் பிடிச்சு விளையாடாதே' என்று சொல்லியிருப்பார்கள். ஏன், எதுவரை என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு எது சரி, எது தப்பு என்று பிடிபடாமல் மொத்தமாக விலகிவிடுகிறான்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் என்றால் என்ன என்று பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள். அது தெரிந்த அண்ணன், தங்கச்சி வயிற்றுவலியில் சுருண்டு கிடக்கும்போது கடைக்குப் போய் நாப்கின் வாங்கி வருகிறான். தெரியாத அண்ணன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வெளியே போய்விடுகிறான்.

எங்க போற, யாரு போன்ல, ஏன் லேட்டு... எந்நேரமும் கேள்வி. இது பாசமா, சந்தேகமா?

எனக்குத் தெரிந்த உரைகல், கேள்விக்கு அப்புறம் அவன் என்ன செய்கிறான் என்பது. 'எத்தனை மணிக்கு பஸ்? ஸ்டாப்புக்கு வரவா?' என்று கேட்டால், கேள்வியின் முடிவில் உனக்கு ஒரு உதவி இருக்கிறது. போனைப் பிடுங்கிப் பார்ப்பது, கூட்டாளிகளை வைத்து வேவு பார்ப்பது, அப்பாவிடம் சொல்லிக் காலேஜை நிறுத்திவிடுவேன் என்பது, இதிலெல்லாம் முடிவில் உனக்கு ஒரு கதவு மூடுகிறது. முதலாவது பாசம். இரண்டாவதற்கு ஊரில் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. தங்கச்சி ஒரு பையனோடு பேசினாள் என்று டீக்கடையில் நாலு பேர் சொன்னால் அவமானம் தன்னுடையது என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊட்டியிருக்கிறோம். அதை இறக்கி வைக்க அவனுக்கும் ஆள் தேவை. மாமாவோ ஆசிரியரோ, அவன் மதிக்கிற ஓர் ஆணிடம் சொல்லிப் பேச வையுங்கள். கை நீட்டினால் பேச்சு முடிந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098, பெண்கள் எந்த வயதானாலும் 181. இரண்டும் இலவச அழைப்பு. கூப்பிட்டால் அண்ணனைக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது.

காக்கா சபுர்ல இருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றாங்க. வந்தா விருந்தாளி வந்த மாதிரி இருக்கு.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது. அங்கே காக்கா என்றால் அண்ணன், சபுர் என்றால் வெளிநாட்டுப் பயணம். உன் காக்கா கிளம்பும்போது உனக்குப் பதினோரு வயது என்றால், அவர் மனசில் நீ இன்னும் பதினொன்றுதான். அவர் வாங்கி வரும் சட்டை சின்னதாக இருப்பதும், நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் திகைத்துப்போவதும் அதனால்தான். உனக்கும் அவர் பழைய காக்காதான். அங்கே ஒரு அறையில் பல பேரோடு படுத்தெழுந்து, வேலைக்குப் போய், தானே சமைத்துச் சாப்பிட்டு மாறிப்போன ஆளை நீ பார்க்கவே இல்லை.

அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பதால், தங்கச்சிக்கு வீடு எழும்பின பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற காக்காமார் உண்டு. அவர் போனில் பேசுவது முழுக்கப் பணம், சிமெண்ட், கம்பி என்று இருப்பதற்குக் காரணம் அது. பேச்சை நீ மாற்று. சவூதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடித்து வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு நீயாகக் கூப்பிடு. இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேள். உன் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் சொல். உம்மாவின் போனில் ஓரமாக நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போகிற பிள்ளைகளுக்குத்தான் காக்கா விருந்தாளி ஆகிவிடுகிறார்.

அப்பா கடல்ல போயிட்டாரு. இப்ப அண்ணன்தான் அப்பா ஸ்தானம். அவன் சொல்றதையெல்லாம் கேட்கணுமா?

இந்தப் பக்கத்தில் இதைவிடக் கனமான கேள்வி இல்லை. 'இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை' என்று துக்க வீட்டிலேயே பதினேழு வயதுப் பையன் தோளைத் தட்டிச் சொல்லிவிடுகிறார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். அந்தப் பையன் அன்றையிலிருந்து அழுவதை நிறுத்திவிடுகிறான். அவனுக்கும் அப்பா செத்துப்போனார் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அவனும் மறந்துவிடுகிறான். மூன்று வருஷம் கழித்து அவன் தம்பியை பெல்ட்டால் அடிக்கும்போது 'என்ன இவன் இப்படி ஆயிட்டான்' என்று ஆச்சரியப்படுகிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். இந்துக் குடும்பங்களில், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்பாவுக்குப் பிறகு பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இயற்கைப் பாதுகாவலர் அம்மாதான். அண்ணன் அல்ல. பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கல்யாணப் பேச்சு எதிலும் முடிவு அம்மாவுடையது. 'எனக்கு என்ன தெரியும், பெரியவன்கிட்ட கேட்டுக்கோங்க' என்று அம்மா ஒதுங்கினால், அவர் மகனுக்கு உதவி செய்யவில்லை, பாரத்தை மாற்றி வைக்கிறார்.

அப்புறம் உனக்கு. அவன் சொல்வதில் வீட்டுச் செலவு, பாதுகாப்பு சம்பந்தப்பட்டதைக் கேள். உன் படிப்பு, உன் கல்யாணம், உன் கூட்டாளிகள் பற்றி அம்மாவோடு உட்கார்ந்து மூன்று பேரும் பேசுங்கள். அப்பாவைப் பற்றியும் பேசுங்கள். நினைவு நாளுக்குப் படம் வைத்து மாலை போட்டால் மட்டும் போதாது. அப்பா எப்படிச் சிரிப்பார், எதற்குத் திட்டுவார் என்று பேச்சு வந்தால் அண்ணனும் பிள்ளைகளில் ஒருவனாக ஆகிறான். அவன் தூங்காமல் கிடக்கிறான், குடிக்கத் தொடங்கிவிட்டான் என்றால் 14416-இல் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அண்ணன் படிப்பை விட்டுட்டு என்னைப் படிக்க வச்சான். இப்ப நான் வேலையில இருக்கேன். அவன் எதிர்ல உட்காரவே கூச்சமா இருக்கு.

ராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் வீட்டுக் கடைசிப் பிள்ளை. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டணத்துக்காக அக்கா சொஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததை அவரே சொல்லியிருக்கிறார். சம்பாதித்து அதை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்புதான் தன்னைப் படிக்க வைத்தது என்றும் சொல்லியிருக்கிறார். குடியரசுத் தலைவரான பிறகும் அவர் தன் மூத்த அண்ணனுக்குத் தம்பியாகத்தான் இருந்தார். அந்த அண்ணன் முத்து மீரா லெப்பை மரைக்காயர் ராமேஸ்வரத்திலேயே வாழ்ந்து 2021-இல் 104 வயதில் காலமானார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கூச்சப்பட்டு ஒதுங்குவதுதான் அண்ணனுக்குப் பெரிய நஷ்டம். அவன் கொடுத்ததும் போய், தம்பியும் போய்விடுகிறான். பணமாகத் திருப்பிக் கொடுக்க நினைத்தால் அவன் கேட்காத நேரத்தில், அவன் பிள்ளை படிப்புக்கு என்று கொடு. அதோடு, உன் வேலையில் நீ தடுமாறுகிற விஷயத்தை அவனிடம் சொல்லி யோசனை கேள். அவனுக்கு கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்கலாம். மேலதிகாரியின் குணம் பிடிபடாவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மதினி வந்தாங்க, அண்ணன் மாறிட்டாரு. அவங்கதான் மாத்திட்டாங்களா?

இல்லை. மாற வேண்டிய நேரத்தில் மாறுகிறார். நேற்று வரை உங்களுக்கு மட்டும் கிடைத்த நேரத்தில் இப்போது இன்னொருவருக்குப் பங்கு உண்டு. புது வீட்டுக்கு வந்த பெண் தலையில் இந்தப் பழியைப் போடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவரும் தன் வீட்டில் ஒரு அண்ணனை விட்டுவிட்டு வந்திருப்பார்.

நானும் அண்ணனும் ஒரே படகு. பாடு நான்தான் படுறேன், கணக்கு அவர்தான் பார்க்கிறாரு. கேட்டா 'அண்ணன் மேல சந்தேகமா'ங்கிறாரு.

கணக்கு கேட்பது சந்தேகம் இல்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் கழித்து, மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது ஊருக்கே தெரிந்த முறை. வெளியாளுக்கு அப்படிக் காட்டுகிற கணக்கைத் தம்பிக்குக் காட்ட ஏன் தயங்க வேண்டும்? பெரும்பாலும் ஏமாற்றுவது காரணமாக இருக்காது. தம்பியை ஆளாக எண்ணிப் பழகவில்லை, அதுதான் விஷயம். உங்களுக்கு முப்பது வயது ஆனாலும் அவருக்கு நீங்கள் தூண்டிலில் இரை கோக்கத் தெரியாத பயல்.

ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு தடவையும் ஏலத் தொகையையும் செலவையும் நீங்களே எழுதி, அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 'பாருங்கண்ணே, விட்டுப்போச்சான்னு' என்று கொடுத்தால் கேள்வி கேட்பதாக ஆகாது, வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதாக ஆகும். படகு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, கடன் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது எழுதுவது சுலபம்.

'உனக்குத்தான் நகை போட்டாச்சே, கையெழுத்துப் போடு'ங்கிறார் அண்ணன். போடணுமா?

படிக்காமல் போடாதீர்கள். இந்துக் குடும்பம் என்றால், அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் 1956-லிருந்தே சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் மகள்களுக்கு உரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் பெண் வித்தியாசம் இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. கல்யாணத்துக்குப் போட்ட நகையால் இந்த உரிமை தானாகப் போய்விடாது.

விட்டுக்கொடுக்க விரும்பினால் விட்டுக்கொடுங்கள். எத்தனையோ தங்கைகள் மனசாரச் செய்கிறார்கள். ஆனால் அது எவ்வளவு என்று தெரிந்து கொடுப்பதாக இருக்கட்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். அண்ணனிடம் 'பத்து நாள் கொடுண்ணே, படிச்சுப் பார்த்துச் சொல்றேன்' என்று சொல்லுங்கள். அந்தப் பத்து நாளில் அவர் எப்படி நடக்கிறார் என்பதும் உங்களுக்குப் பதில்தான்.

அண்ணனோட பேச்சுவார்த்தை இல்ல. இப்ப பிள்ளைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி வேணுமே?

நம் ஊரில் அறுந்த உறவை ஒட்டுவதற்கு இருக்கிற பெரிய வழி இதுதான். உங்களோடு சண்டை போட்ட அண்ணன் வேறு, உங்கள் பிள்ளைக்கு மாமன் வேறு. அழைப்பு போனில் வேண்டாம், ஆள் மூலமும் வேண்டாம். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். பழைய கணக்கை அன்றைக்கு எடுக்காதீர்கள், மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை. 'உன் மடியிலதான்ணே குத்தணும்' என்ற ஒரு வார்த்தை போதும்.

சீர் பற்றி மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மோதிரம், சங்கிலி, ஆட்டுக்கிடா என்று ஊர் எதிர்பார்க்கும். அவரிடம் இல்லை என்றால் அந்த வெட்கத்திலேயே வராமல் போய்விடுவார், நீங்கள் இன்னும் பகை என்று நினைத்துக்கொள்வீர்கள். தடைக்காலத்திலோ அது முடிந்த கையோடோ விசேஷம் வைக்காதீர்கள். கையில் காசு புரளும் மாதமாகப் பார்த்து வையுங்கள்.

நான்தான் அந்த அண்ணன். சின்ன வயசுல தங்கச்சியை ரொம்ப அடிச்சிருக்கேன். இப்ப அவ நல்லாத்தான் பேசுறா. நானா அதை எடுக்கணுமா?

எடுங்கள். அவள் மறக்கவில்லை. உங்கள் மனசு நோகக் கூடாது என்று சொல்லாமல் இருக்கிறாள். இதுவரை என்னிடம் இப்படிக் கேட்ட அண்ணன்மார் குறைவு. கேட்ட ஒவ்வொருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு.

தனியாக இருக்கும்போது பேசுங்கள். திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம், அம்மாவைத் தூது விடவும் வேண்டாம். என்ன செய்தீர்கள் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: 'நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட வாசல்ல எல்லார் முன்னாலயும் அடிச்சேன். அது தப்பு.' அப்பா இல்லை, பொறுப்பு தலையில் விழுந்தது, எனக்கும் வயது பத்தொன்பதுதான் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கும். அதை அவள் கேட்டால் சொல்லுங்கள், நீங்களாக முதல் வாயில் சொல்லாதீர்கள். அவள் 'அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப' என்று எழுந்து போய்விட்டால் பின்னாலேயே போய் வற்புறுத்த வேண்டாம். அழுதால், திட்டினால், கடைசி வரை கேளுங்கள். இன்னும் மூன்று சம்பவங்களை அவள் சொல்லலாம், உங்களுக்கு ஒன்றுகூட நினைவு இல்லாமல் இருக்கலாம். நடக்கவே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் வழக்கம்போல போன் பண்ணுங்கள், அவள் பெண்ணின் பரீட்சை எப்படிப் போனது என்று கேளுங்கள்.